குருதிச் சிறுதட்டுக்களும் நிர்ப்பீடனமும்: தொழிற்பிரிவு பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

மருத்துவ விஞ்ஞானத்தின் கலைச்சொற்களுட் சில பாடநூல்களின் எல்லையைக் கடந்து மக்களின் அன்றாடப் பேச்சிற் கலந்துவிடுவதுண்டு. இலங்கையில் அவ்வாறு கலந்துவிட்ட சொற்களுள் ஒன்று 'பிளேற்லெட்' என்பதாகும். டெங்குக் காய்ச்சல் பரவும் காலங்களில் வைத்தியசாலை விடுதிகளின் வாயிலில் நிற்கும் உறவினர் ஒருவரையொருவர் முதலிற் கேட்கும் வினா, "பிளேற்லெட் எத்தனை?" என்பதே. 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவு செய்யப்பட்டனர். 400 பேருக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டில் இவ்வினா கேட்கப்படாத ஊரே இல்லையெனலாம். எண் உயர்ந்தால் நிம்மதியும் எண் தாழ்ந்தால் பீதியும் உண்டாகின்றன. நோயாளி என்ற முழு மனிதர் மறைந்து, அவரது இடத்தில் ஓர் எண் அமர்ந்துவிடுகின்றது.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கருத்து மறைந்துள்ளது. குருதிச் சிறுதட்டின் தொழில் குருதியை உறையச் செய்வது; அது குறைந்தால் குருதி கசியும்; ஆகவே அதனைக் கூட்டினால் நோய் தணியும் என்பதே அக்கருத்தாகும். இதன் முதற்பகுதி உண்மை. எனினும் முழுமையான உண்மையன்று. கடந்த சில தசாப்தங்களில் நடைபெற்ற ஆய்வுகள், சிறுதட்டு உடலின் நிர்ப்பீடனத்திலும் அழற்சியிலும் நேரடியாகப் பங்குகொள்ளும் ஒரு கல வடிவம் என்பதை நிறுவியுள்ளன. அது நோய்க்கிருமிகளை இனங்காண்கின்றது. வெண்குழியங்களை அழைக்கின்றது, தூண்டுகின்றது. சில வேளைகளில் தானே கிருமியைக் கொல்லுகின்றது. வேறு சில வேளைகளில் உடலுக்கே தீங்கிழைக்கின்றது.

இப்புதிய அறிவைத் தமிழில் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். இதற்கான சான்றுகளுட் சில நெடுங்காலமாகவே கண்முன் இருந்தும், ஒரு நூற்றாண்டு வரை அவை ஒன்றிணைக்கப்படாமைக்கான காரணத்தை ஆராய்வது இரண்டாவது நோக்கமாகும். அறிவுத்துறைகள் தமக்குள் வகுத்துக்கொண்ட எல்லைகளை இயற்கையின் எல்லைகளாகக் கருதும் மயக்கம் விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதன்று. இலக்கிய, சமூக ஆய்வுகளில் ஈடுபட்டுள்ள நாம் இவ்விடயத்தைக் கருத்திற் கொள்வதற்கு அதுவே நியாயமாகும்.

2. 1882: இரண்டு நோக்கல்கள்

1865இல் ஜேர்மனியைச் சேர்ந்த மக்ஸ் சுல்ட்சே என்னும் உடலமைப்பியலாளர், குருதியில் நிறமற்ற மிகச் சிறிய கோளங்கள் கூட்டங்கூட்டமாகக் கிடப்பதை நுணுக்குக்காட்டியிற் கண்டு விவரித்தார். அவை எவை, எதற்காக உள்ளன என்பன அன்று தெளிவாகவில்லை. சிதைந்த வெண்குழியங்களின் எச்சங்களாக இருக்கலாமென்ற ஐயமும் நிலவியது.

1882இல் இத்தாலியின் தூரின் நகரில் ஜூலியோ பிட்சொசேரோ இதற்கு விடை கண்டார். உயிருள்ள விலங்கின் குடலைத் தாங்கும் மென்சவ்வில் ஓடும் நுண்ணிய குருதிக்குழாய்களை அவர் நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினார். குழாய்ச்சுவர் காயமுற்ற இடத்தில் முதலில் வந்து ஒட்டுவன செங்குழியங்களோ வெண்குழியங்களோ அல்ல, தட்டுப் போன்ற இம்மூன்றாவது உறுப்புக்களே என்பதை அவர் கண்டறிந்தார். குருதி உறைதலில் அவற்றுக்குள்ள பங்கு இவ்வாறு நிறுவப்பட்டது. அவரது கட்டுரை, நவீன நோயியலின் முன்னோடியான ருடோல்ப் விர்ஷோ நடத்திவந்த ஆய்வேட்டில் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

அதே 1882இன் இறுதியில், அதே இத்தாலியின் தென்முனைக்கு அண்மையிலுள்ள மெசினாவில், ருசிய விலங்கியலாளரான இலியா மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் ஒளிபுகும் குடம்பியினுள் ரோசா முள்ளைச் செலுத்திப் பார்த்தார். மறுநாள் அம்முள்ளைச் சூழ்ந்து அசையும் கலங்கள் திரண்டிருந்தன. தின்குழியக் கோட்பாடு பிறந்தது இதிலிருந்தே. அழற்சி என்பது வெறும் கேடன்று, அது உடலின் எதிர்வினை என்ற கருத்தை அவர் முன்வைத்தார். இப்பணிக்காக 1908இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்விரு நோக்கல்களும் அடிப்படையில் ஒத்த தன்மையன. காயமுற்ற, அன்னியப் பொருள் புகுந்த ஓரிடத்தை நோக்கி உடலின் நடமாடும் கூறுகள் விரைகின்றன என்பதையே இருவரும் கண்டனர். ஆயினும் பிட்சொசேரோவின் நோக்கல் குருதியியலின் மூலக்கல்லாகவும், மெச்னிக்கோவின் நோக்கல் நிர்ப்பீடனவியலின் மூலக்கற்களுள் ஒன்றாகவும் அமைந்து, இரண்டும் வெவ்வேறு ஆய்வுகூடங்களையும் சஞ்சிகைகளையும் வைத்தியசாலைப் பிரிவுகளையும் தோற்றுவித்தன. 1901இலேயே, வாந்திபேதிக் கிருமிகளைச் சுற்றிச் சிறுதட்டுக்கள் திரளுவதை லெவடிற்றி என்னும் ஆய்வாளர் விவரித்திருந்தார். ஆயினும் அத்தகவலைப் பொருள்கொள்ளத்தக்க ஒரு கோட்பாட்டுச் சட்டகம் அன்று இருக்கவில்லை. தகவல்கள் தாமாகவே பேசுவதில்லை. எந்த வினாவுக்கு விடையாக அவை அழைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே பொருள் பெறுகின்றன.

இங்குச் சொற்களின் வரலாறும் மனங்கொள்ளத்தக்கது. பிட்சொசேரோ இட்ட இத்தாலியப் பெயர் 'சிறிய தட்டு' என்ற பொருளுடையது. நமது 'சிறுதட்டு' என்பதும் தமிழகத்தார் வழங்கும் 'தட்டணு' என்பதும் அதே வழியில் வடிவத்தையே சுட்டுகின்றன. பின்னர் மேலைமொழிகளிற் பரவிய கிரேக்க அடியான 'துரொம்போசைற்று' என்ற பெயரோ 'உறைகட்டிக் கலம்' எனப் பொருள்படுவது. வடிவத்தைச் சுட்டும் பெயர் தொழில் பற்றிய வினாவைத் திறந்து வைக்கின்றது. தொழிலைச் சுட்டும் பெயர் அவ்வினாவுக்கு முன்கூட்டியே விடையளித்து அதனை மூடிவிடுகின்றது. இவ்வகையில் நமது கலைச்சொல் அதிர்ஷ்டவசமாகவேனும் கூடிய நேர்மையுடையதாக உள்ளது.

3. சிறுதட்டின் இயல்பு

சிறுதட்டு முழுமையான கலமன்று. என்பு மச்சையில் உள்ள மிகப் பெரிய கலங்கள் சிலவற்றின் முதலுருவிலிருந்து நீளும் இழைகள் குருதிக்குழாயினுட் புகுந்து துண்டுபடுவதால் அது உண்டாகின்றது. இத்தோற்றத்தை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பொஸ்ரன் நகரில் ஜேம்ஸ் ஹோமர் றைற் எடுத்துக்காட்டினார். ஒரு பெருங்கலத்திலிருந்து ஆயிரக்கணக்கான சிறுதட்டுக்கள் தோன்றலாம். எலிகளில் நுரையீரலும் இவ்வுற்பத்தியின் முக்கிய களமொன்று என 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஒரு சிறுதட்டின் விட்டம் ஏறத்தாழ 2 முதல் 4 மைக்ரோமீற்றர். ஒரு மைக்ரோலீற்றர் குருதியில் 150,000 முதல் 400,000 வரையான சிறுதட்டுக்கள் இருத்தல் வழமை. அவற்றின் வாழ்நாள் 7 முதல் 10 நாள். வளர்ந்த மனிதரின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி சிறுதட்டுக்களை ஆக்குகின்றது. வெண்குழியங்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலீற்றருக்கு 4,000 முதல் 11,000 வரையே என்பதை இதனோடு ஒப்பிடல் வேண்டும். சிறுதட்டையும் நிர்ப்பீடனத்தின் உறுப்பாகக் கொள்வோமாயின், குருதியில் வெண்குழியங்கள் அதன் முன் மிகச் சிறிய சிறுபான்மையே.

சிறுதட்டுக்குக் கரு இல்லை. ஆகவே அது புதிதாக எதனையும் ஆக்கவியலாத, நிரப்பி அனுப்பப்பட்ட ஒரு பை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. இக்கருத்து 1998இன் பின் தளர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் யூட்டாவில் இயங்கிய ஆய்வாளர் குழு, தன்னைத் தோற்றுவித்த பெருங்கலத்திலிருந்து பெற்ற தூது ஆர்.என்.ஏ.யைச் சிறுதட்டு தூண்டல் கிடைக்கும்போது வாசித்துப் புதிய புரதங்களை ஆக்குகின்றது எனக் காட்டியது. அவ்வாறு ஆக்கப்படும் புரதங்களுள் இன்டர்லியூக்கின் 1 பீற்றா என்பதும் ஒன்று. காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும் முதன்மையான சைகைப் பொருள்களுள் அதுவும் ஒன்றாகும்.

சிறுதட்டினுள் அல்பா சிறுமணிகள் எனப்படும் நுண்பைகள் 50 முதல் 80 வரை உள்ளன. இவற்றுள் நூற்றுக்கணக்கான வகைப் புரதங்கள் அடங்கியுள்ளன. உறைதலுக்கான காரணிகளும், வெண்குழியங்களை ஈர்க்கும் கீமோகைன்களும், குழாய் வளர்ச்சியைத் தூண்டும் காரணிகளும், கிருமிகொல்லும் புரதங்களும் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. உறைதலுக்கு ஓர் அறை, எதிர்ப்புக்கு ஓர் அறை என்று அவை சுவரிட்டுப் பிரிக்கப்படவில்லை. இவற்றைவிட, அடர்ந்த சிறுமணிகள் என்ற வேறொரு வகையிற் கல்சியமும் செரற்றோனினும் சேமிக்கப்பட்டுள்ளன. குருதியிலுள்ள செரற்றோனினில் மிகப் பெரும்பகுதி சிறுதட்டுக்களிலேயே உள்ளது.

4. எதிர்ப்பில் சிறுதட்டின் பங்கு

நிர்ப்பீடனத்தின் முதற்படி இனங்காணல். பற்றீரியாவின் சுவரிலுள்ள சில மூலக்கூறுகளை, முன் அறிமுகம் இல்லாமலே, 'அன்னியம்' என உணரும் டோல் வகை வாங்கிகள் வெண்குழியங்களில் உள்ளன. அதே வாங்கிகள் சிறுதட்டின் மேற்பரப்பிலும் உண்டு. பிறபொருளெதிரிகள் பற்றிக்கொள்ளும் வாங்கியொன்றும் மனிதச் சிறுதட்டில் உண்டு.

இனங்காணலின் விளைவு யாது? 2004இல் பேர்லினைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நடுநிலைநாடிகள் எனப்படும் வெண்குழியங்கள் தம் கருவிலுள்ள டி.என்.ஏ.யையே வலையாக வெளியே வீசிப் பற்றீரியாக்களைச் சிக்க வைக்கின்றன எனக் கண்டனர். குருதியிற் கிருமி பரவும் கடும் நிலையில் அவ்வலை வீச்சைத் தூண்டுவது எது என்ற வினாவுக்கு, 2007இல் கனடாவின் கல்கரியிலிருந்து விடை வந்தது. பற்றீரிய நச்சை டோல் வகை வாங்கி 4 மூலம் உணர்ந்த சிறுதட்டு நடுநிலைநாடியோடு ஒட்டுகின்றது. ஒட்டிய சில நிமிடங்களில் வலை வீசப்படுகின்றது. ஈரலின் நுண்குழாய்களில் பற்றீரியா சிக்குகின்றது. ஆயினும் அதே வலை, அருகிலுள்ள ஈரல் இழையத்தையும் சேதப்படுத்துகின்றது. காப்பும் கேடும் ஒரே செயலின் இரு பக்கங்களாக இங்குத் தோன்றுகின்றன.

2013இல் அதே ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஈரலின் கப்பர் கலங்களைப் பற்றியது. குருதியிற் செல்லும் கிருமிகளைப் பற்றிப்பிடிக்கும் நிலையான தின்குழியங்கள் இவை. நோயற்ற எலியிற்கூடச் சிறுதட்டுக்கள் இக்கலங்களைக் கணநேரம் தொட்டுத் தொட்டுச் செல்லுகின்றன. கப்பர் கலம் ஒரு பற்றீரியாவைப் பிடித்திருப்பின், தொட்ட சிறுதட்டு விலகாமல் ஒட்டிக்கொள்ளுகின்றது. மேலும் பல வந்து சேர்ந்து பற்றீரியாவை மூடிவிடுகின்றன. ஒட்டுதலுக்குச் சிறுதட்டு பயன்படுத்தும் மூலக்கூறு, காயமுற்ற குழாய்ச்சுவரில் ஒட்டுவதற்கு அது பயன்படுத்தும் அதே மூலக்கூறே. இம்மூலக்கூறு இல்லாத எலிகள் தொற்றினால் எளிதில் இறந்தன. உறைதல் வேறு, எதிர்ப்பு வேறு என்ற பிரிவினை மூலக்கூற்றின் மட்டத்திலேயே இங்குத் தகர்ந்துபோகின்றது.

சிறுதட்டு பிறருக்குத் துணை செய்வதோடு நின்றுவிடுவதுமில்லை. மலேரியா ஒட்டுண்ணி புகுந்த செங்குழியத்தோடு சிறுதட்டு ஒட்டி அவ்வொட்டுண்ணியைக் கொல்லுகின்றது என 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அக்கொலைக்குச் சிறுதட்டுக் காரணி 4 எனப்படும் அல்பா சிறுமணிப் புரதம் கருவியாகின்றது என்பது 2012இற் தெளிவாயிற்று. 2017இல் மியூனிச் ஆய்வாளர்கள், சிறுதட்டுக்கள் ஓட்டத்தால் அடித்துச் செல்லப்படுவன மட்டுமல்ல, தாமாக ஊர்ந்து நகரக்கூடியன எனவும், நகரும்போது பைபிரின் மீது கிடக்கும் பற்றீரியாக்களைக் கூட்டிச் சேர்த்துக் கட்டாக்குகின்றன எனவும் காட்டினர்.

இவை யாவற்றையும் ஒருங்கே நோக்கும்போது, நுண்குழாயில் உண்டாகும் உறைகட்டிக்கே ஒரு புதிய பொருள் கிடைக்கின்றது. உறைகட்டி, குருதி வெளியேறாமல் அடைக்கும் அடைப்பு மட்டுமன்று. கிருமி உள்ளே பரவாமல் தடுக்கும் அணையுமாகும். மியூனிச்சைச் சேர்ந்த எங்கெல்மான், மாஸ்பேர்க் ஆகிய இருவரும் 2013இல் இந்நிகழ்வை நிர்ப்பீடன உறைதல் என்ற கருத்தாக்கத்தால் விளக்கினர். தூரினும் மெசினாவும் இவ்வாறு சந்திப்பதற்கு 131 ஆண்டுகள் தேவைப்பட்டன.

5. அழற்சியும் அதன் உள்முரண்பாடும்

சிவத்தல், வீங்கல், சூடாதல், நோதல் ஆகிய நான்கும் அழற்சியின் குறிகள் என முதலாம் நூற்றாண்டிலேயே உரோம எழுத்தாளர் செல்சஸ் வகுத்தார். 'அழல்' என்பதன் அடியாகப் பிறந்த நமது சொல்லும் அச்சூட்டையே குறிக்கின்றது. இக்குறிகளின் அடியில் நிகழ்வது யாதெனில், குருதிக்குழாயின் உட்படையான அகவணிக் கலங்கள் தம் இயல்பை மாற்றிக்கொண்டு, குருதியின் நீர்ப்பகுதியையும் வெண்குழியங்களையும் இழையத்தினுட் செல்ல விடுவதாகும்.

அகவணியின் இம்மாற்றத்தைத் தூண்டுவதிற் சிறுதட்டுக்கு நேரடிப் பங்குண்டு. தூண்டப்பட்ட சிறுதட்டு தன் மேற்பரப்பில் சி.டி.40 இணைப்பி என்ற புரதத்தை வெளிக்காட்டுகின்றது என்பதும், அது அகவணிக் கலங்களில் அழற்சியைத் தூண்டுகின்றது என்பதும் 1998இல் வெளிப்பட்டன. அதுவரை அப்புரதம் ரி நிணநீர்க்குழியங்களோடு தொடர்புபடுத்தியே பெரிதும் பேசப்பட்டது. பி-செலெக்ரின் என்ற மற்றொரு புரதத்தை வெளிக்காட்டிச் சிறுதட்டு வெண்குழியத்தைப் பற்றிக்கொள்ளுகின்றது. 2014இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் காட்டியது இதிலும் வியப்புக்குரியது. குழாய்ச்சுவரில் ஒட்டிய நடுநிலைநாடி, உடனே இழையத்தினுட் புகுவதில்லை. குருதியோட்டத்தினுள் ஒரு நீட்டத்தை நீட்டித் தூண்டப்பட்ட சிறுதட்டு வருகின்றதா எனத் துழாவுகின்றது. வந்தால் மட்டுமே அது முழுமையாக இயங்கத் தொடங்குகின்றது.

இதே இயக்கம் கட்டுமீறும்போது நோயாகின்றது. முடக்குவாத மூட்டழற்சியுடையோரின் மூட்டுத் திரவத்திற் சிறுதட்டிலிருந்து பிரிந்த நுண்துணிக்கைகள் காணப்படுவதையும், அவை அழற்சியைப் பெருக்குவதையும் 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. நாடிச்சுவரிற் கொழுப்புப் படியும் நோயிலும் சிறுதட்டு, வெண்குழியம், அகவணி ஆகிய மூன்றின் உறவு முக்கியமானது. 2020இல் உலகைச் சூழ்ந்த கொவிட் 19 நோயில், கடுமையாகப் பாதிக்கப்பட்டோரின் நுரையீரல் நுண்குழாய்களிற் சிறுதட்டுக்களும் நடுநிலைநாடி வலைகளும் பைபிரினும் பின்னிய உறைகட்டிகள் காணப்பட்டன. கிருமிக்கு எதிரான அணை, மூச்சுக்கே தடையாயிற்று. 2021இல், அடினோவைரசுவை அடிப்படையாகக் கொண்ட கொவிட் தடுப்பூசிகளைப் பெற்றோருள் மிக அரிதாகச் சிலரிடத்துத் தோன்றிய உறைகட்டி நோயும் இவ்வழியிலேயே விளங்கிக்கொள்ளப்பட்டது. முன்னர் குறிப்பிட்ட சிறுதட்டுக் காரணி 4க்கு எதிராகவே உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கியிருந்தது.

ஆயின் அழற்சியிற் சிறுதட்டு கேட்டை மட்டுமே விளைவிக்கின்றது என்று முடிவு கட்டுதலும் தவறாகும். 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், சிறுதட்டுக்கள் ஏறத்தாழ முற்றாக நீக்கப்பட்ட எலிகளின் உடலில் அழற்சியற்ற இடங்களிற் குருதி கசியவில்லை. தோலிலோ நுரையீரலிலோ மூளையிலோ அழற்சி தூண்டப்பட்டபோது அவ்விடத்திற் குருதி கசிந்தது. வெண்குழியம் சுவரைத் துளைத்துச் செல்லும் வழியைச் சிறுதட்டு உடனுக்குடன் காத்து நிற்கின்றது என்பதே இதன் பொருள். அழற்சியைத் தூண்டுவதும் அதுவே. அழற்சி குழாயைச் சிதைத்துவிடாமற் காப்பதும் அதுவே. இவ்விரு செயல்களுள் எது மேலோங்குமென்பது சிறுதட்டின் 'குணத்தாற்' தீர்மானிக்கப்படுவதன்று. அது நிற்கும் இடமும், எதிர்கொள்ளும் தூண்டலும், அயலிலுள்ள கலங்களோடு அது கொண்டுள்ள உறவுகளுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

6. தொழிற்பிரிவின் வரலாறு

உறைதலும் எதிர்த்தலும் ஒரே சிறு உறுப்பில் ஏன் இணைந்துள்ளன? இவ்வினாவுக்கு விடை கூர்ப்பின் வரலாற்றிலேயே உள்ளது.

அத்திலாந்திக் கடற்கரையில் வாழும் குதிரைலாட நண்டின் குருதியில் பெரும்பாலும் ஒரே வகையான கலமே உண்டு. அமீபா போல் அசையும் அக்கலம், பற்றீரிய நச்சை எதிர்கொண்டதும் தன் சிறுமணிகளை வெளியேற்ற, சுற்றியுள்ள திரவம் உறைந்து கிருமியைச் சிறைப்படுத்துகின்றது. பிரெடரிக் பாங் 1956இல் இந்நிகழ்வை விவரித்தார். பின்னர் ஜாக் லெவினுடன் இணைந்து அவர் செய்த ஆய்வுகளின் பயனாக, ஊசிமருந்துகளிற் பற்றீரிய நச்சுக் கலந்துள்ளதா என அறியும் சோதனையே உருவாயிற்று. அவ்வுயிரியைப் பொறுத்தவரை உறைதலும் எதிர்த்தலும் இரு தொழில்களல்ல, ஒன்றே. மீன்களிலும் பறவைகளிலும் உறைதலுக்கான கலங்கள் கருவுடைய முழுக் கலங்களாகவே உள்ளன. முலையூட்டிகளில் மட்டுமே அவை கருவற்ற சிறுதட்டுக்களாகியுள்ளன.

ஆகவே, 'உறையச் செய்யும் சிறுதட்டு எவ்வாறு எதிர்ப்புத் தொழிலையும் பெற்றது?' என்று வினவுதல் வரலாற்றைத் தலைகீழாக நோக்குவதாகும். ஒன்றாயிருந்த தொழில் எவ்வாறு பகுதியளவிற் பிரிந்தது என்பதே சரியான வினாவாகும். தொழிற்பிரிவு ஆதியிலிருந்தே உள்ளதொன்றன்று; அது வரலாற்றில் தோன்றியது, முற்றுப்பெறாதது என்ற உண்மையைச் சமூக ஆய்விற் பயின்றோர் இங்கு எளிதில் இனங்கண்டுகொள்வர்.

எனினும் இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. உடலைச் சமூகத்துக்கும் சமூகத்தை உடலுக்கும் உவமிப்பது நெடிய மரபு. விர்ஷோ உடலைக் கலங்களின் குடியரசு போலக் கண்டார். 'நிர்ப்பீடனம்' எனும் நமது சொல் பீடையற்ற நிலையைக் குறிப்பது. அதற்கீடான இலத்தீன் அடியான சொல்லோ, வரியிலிருந்தும் கடமையிலிருந்தும் விலக்களிக்கப்பட்டவர் என்ற சட்டப் பொருளிற் பிறந்தது. இன்றைய நூல்களிற் போர்க்களச் சொற்கள் மலிந்துள்ளன. இக்கட்டுரையும் அவற்றை முற்றாகத் தவிர்க்கவில்லை. உவமை விளக்கத்துக்கு உதவும், நிரூபணமாகாது. ஏங்கெல்ஸின் 'இயற்கையின் இயக்கவியல்' அவர் இறந்தபின் 1925இல் வெளிவந்த காலந்தொட்டு, இயற்கை நிகழ்வுகளிலிருந்து உதாரணங்களைப் பொறுக்கி இயக்கவியலை 'நிரூபிக்கும்' போக்கு நம்மிடையே இருந்துவந்துள்ளது. சிறுதட்டு மார்க்சியத்தை நிரூபிக்கவில்லை; அதற்கு அந்தத் தேவையுமில்லை. பகுதியை முழுமையினின்று பிரித்து, அப்பகுதிக்கு ஒரே தொழிலை நிலையாக ஒட்டிவைக்கும் சிந்தனை எவ்வாறு ஆய்வை நூறாண்டு தாமதிக்கச் செய்கின்றது என்பதை மட்டுமே அதன் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

7. மீண்டும் டெங்கு

இத்தாமதம் ஆய்வுகூடத்தோடு முடிந்துவிடவில்லை. அதன் விளைவைத் தொடக்கத்திற் குறிப்பிட்ட வைத்தியசாலை வாயிலில் இன்றும் காணலாம்.

டெங்குவிற் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை வீழ்வது உண்மை. என்பு மச்சையில் உற்பத்தி குறைகின்றது. குருதியிற் பிறபொருளெதிரிகளாலும், வெண்குழியங்களோடும் அகவணியோடும் ஒட்டிக்கொள்வதாலும் சிறுதட்டுக்கள் இழக்கப்படுகின்றன. ஆயினும் வீழ்ச்சியை வெறும் இழப்பாகக் காண்பது போதாது. 2013இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் முதன்மையாகப் பங்குகொண்ட ஆய்வொன்று, டெங்கு நோயாளரின் சிறுதட்டுக்கள் இன்டர்லியூக்கின் 1 பீற்றாவை ஆக்கி வெளிவிடுகின்றன எனவும், அது அகவணியின் கசிவை அதிகரிக்கின்றது எனவும் காட்டியது. வைரசு வெளிவிடும் என்.எஸ்.1 எனும் புரதம் டோல் வகை வாங்கி 4 மூலம் சிறுதட்டைத் தூண்டுகின்றது என்பது 2019இல் வெளியாயிற்று. அஃதாவது, சிறுதட்டு இந்நோயின் பலியாள் மட்டுமன்று; அதன் போக்கிற் பங்காளியுமாகும்.

டெங்குவிற் பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணமான நிகழ்வு, குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து நெஞ்சறையினுள்ளும் வயிற்றறையினுள்ளும் கசிவதாகும். இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிற் தொடங்கி 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கின்றது. காய்ச்சல் விட்டதென்று வீட்டார் ஆறுதலடையும் வேளையே ஆபத்தான வேளையாக அமைந்துவிடுகின்றது. கசிவை உணர்த்துவது செங்குழியச் செறிவின் உயர்வும், நாடித்துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு ஆகியவற்றின் மாற்றமுமாகும். அளவறிந்து திரவம் கொடுத்தலே சிகிச்சையின் மையம். நமது நாட்டின் தேசிய சிகிச்சை வழிகாட்டிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. சிறுதட்டு எண்ணிக்கையின் வீழ்ச்சி, நோயாளி ஆபத்துக் கட்டத்தை நெருங்குகின்றார் என எச்சரிக்கும் பயனுள்ள குறியாகும். குறியைப் பொருளாகக் கொள்வதே தவறு.

இத்தவறு விலையற்றதன்று. குருதிக் கசிவு எதுவுமில்லாதபோதும், எண்ணை உயர்த்துவதற்காகச் சிறுதட்டுக்களை ஏற்றவேண்டுமென உறவினர் வற்புறுத்துகின்றனர். 2017இல் வெளியான, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடத்தப்பட்ட பரிசோதனையில், எண்ணிக்கை 20,000க்கு மேற்படாத 372 டெங்கு நோயாளர் இரு பிரிவினராக ஆக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு மட்டும் முற்காப்பாகச் சிறுதட்டுக்கள் ஏற்றப்பட்டன. ஏற்றப்பட்டோரிற் குருதிக் கசிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பாதகமான விளைவுகளோ அவர்களிடத்தே கூடுதலாக இருந்தன. கொடையாகப் பெறப்பட்ட சிறுதட்டுக்களை அறை வெப்பநிலையில் இடையறாது அசைத்துக்கொண்டு, வழமையாக 5 நாள் வரையே பேணலாம். பயனின்றி ஏற்றப்படும் ஒவ்வொரு பொதியும் குருதிப் புற்றுநோயாளருக்கோ கடுங் குருதிக் கசிவுடைய வேறொருவருக்கோ கிடைத்திருக்க வேண்டியது. எண்ணை உயர்த்துமென்று பப்பாசி இலைச்சாற்றைத் தேடி அலைவதும் இம்மனோபாவத்தின் பாற்பட்டதே. எண் உயர்வது வேறு, கசிவு நிற்பது வேறு.

மக்களின் அறியாமையே இதற்குக் காரணம் எனக் கூறிவிடுதல் எளிது, அது நேர்மையாகாது. நெரிசலான விடுதியில், விளக்கம் கூற நேரமில்லாத சூழலில், உறவினரின் கையிற் கொடுக்கப்படும் துண்டில் உள்ளது ஓர் எண் மட்டுமே. பொருள்களுக்கிடையிலான உறவாக மனித உறவு தோற்றமளிப்பதை மார்க்ஸ் பண்ட வழிபாடு என்றார். உடலினுள் நிகழும் பல்வேறு உறவுகளின் விளைவு ஓர் எண்ணின் ஏற்றத்தாழ்வாகத் தோற்றமளிக்கும்போது, அவ்வெண்ணை வழிபடுதல் இயல்பாகின்றது. அதனை நீக்குவதற்கு அறிவுரை போதாது. விளக்கத்துக்கான நேரமும், ஆளணியும், தாய்மொழியில் அமைந்த நல்ல எழுத்துக்களும் வேண்டும். நுளம்பு பெருகும் வடிகாலையும் அகற்றப்படாத குப்பையையும் பொறுத்தவரை, அவை சிறுதட்டினால் அன்றி நகர நிருவாகத்தாலும் பொதுச் சுகாதாரக் கொள்கையாலும் தீர்க்கப்படவேண்டியன.

8. முடிவுரை

இதுவரை கூறியவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவது, குருதிச் சிறுதட்டு உறைதலுக்கு மட்டும் உரியதன்று. கிருமியை இனங்காண்பதிலும், வெண்குழியங்களைத் தூண்டுவதிலும், அழற்சியைப் பெருக்குவதிலும், அழற்சியுற்ற குழாயைக் காப்பதிலும் அதற்குப் பங்குண்டு. இரண்டாவது, உறைதலையும் எதிர்த்தலையும் பிரித்த சுவர் குருதியில் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளர்ந்த துறைப் பிரிவுகளிலேயே இருந்தது. மூன்றாவது, அச்சுவர் தகர்ந்துவிட்ட பின்னரும், அதன் நிழல் சிகிச்சை பற்றிய பொதுமக்களின் எதிர்பார்ப்புக்களில் நீடிக்கின்றது.

மேற்கூறிய ஆய்வுகளுட் கணிசமானவை எலிகளில் நடத்தப்பட்டவை. மனிதரில் அவற்றைப் பொருத்திப் பார்ப்பதும், சிறுதட்டின் உறைதற் தொழிலைக் குலைக்காமல் அதன் அழற்சித் தூண்டலை மட்டும் தணிக்கும் மருந்துகளைத் தேடுவதும் இன்று நடைபெற்றுவரும் பணிகளாகும். இவற்றை விஞ்ஞானிகள் ஆற்றுவர். நமது பல்கலைக்கழகங்களிற் கலைப்பீடத்தாரும் மருத்துவபீடத்தாரும் இணைந்து ஆற்றத்தக்க பணியொன்றும் உண்டு. டெங்கு பற்றிய தெளிவான தமிழ்க் கையேடொன்று, 'பிளேற்லெட் எத்தனை?' என்ற வினாவோடு 'நீர் எவ்வளவு குடித்தார், சிறுநீர் எவ்வளவு கழித்தார், கைகால் குளிர்கின்றதா?' என்ற வினாக்களையும் ஒவ்வொரு வீட்டாரும் கேட்கும்படி செய்யுமாயின், அது பல உயிர்களைக் காக்கும்.